பழைய ட்ராம் நூதனசாலைக்குப் போனால் எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது?

கொழும்பிலிருந்து டொரொன்டோவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களை அங்குள்ளவர்கள் எங்கே கூட்டிப் போவார்கள் என்பது தெரிந்ததுதான்: நயாகரா, கோயில், ஒரு மோல், இன்னொரு மோல். அதில் ஒரு நாளைப் பிடுங்கி ட்ராம் நூதனசாலைக்குக் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், முதல் தடவை போகிறவர்களில் அநேகர் ஒரு சுற்று ஏறி, நாலு படம் எடுத்து, "வடிவாய்த்தான் இருக்கு" என்று அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வழி சுலபம். கூரைக்கு மேலே கரண்ட் நுழையும் இடத்தில் தொடங்கி, அது தண்டவாளத்தில் போய்ச் சேரும்வரை கண்ணால் பின்தொடருங்கள். ட்ராமில் உள்ள முக்கியமான சாமான் எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

1. முதலில் புறக்கோட்டையில் அரை நாள்

கொழும்பில் கோட்டையிலிருந்து பொரளைக்கும், கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் மின்சார ட்ராம் ஓடியது. 1929இல் அதன் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய சம்பவம். 1944இல் சேவையை மாநகரசபை எடுத்துக்கொண்டது. 1953இல், தண்டவாளம் இல்லாமல் மேல்கம்பிக் கரண்டில் ஓடும் ட்ரொலி பஸ் வந்தது, 1960இல் ட்ராம் நின்றது, 1964இல் ட்ரொலி பஸ்ஸும் போய்விட்டது. இப்போது கொழும்பில் ஏறிப் பார்க்க ஓடும் ட்ராம் கிடையாது.

ஆனாலும் கண்ணைப் பழக்க ஓர் இடம் இருக்கிறது: கெய்மன்ஸ் கேட் சந்தியில் உள்ள பழைய நகர மண்டபம். கீழே மாநகரசபையின் பழைய வாகனங்களும் இயந்திரங்களும் நிற்கின்றன. மேல்மாடியில் அந்தக் காலச் சபைக் கூட்டத்தைப் பொம்மைகளாய் இருத்தி வைத்திருக்கிறார்கள். வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு நாட்டாமிமாரின் கைவண்டிகளுக்கு நடுவே அந்தத் தெருவில் நடப்பதே ஒரு பாடு. அங்கே பழக வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு இயந்திரத்திலும் வார்ப்புத் தகட்டைத் தேடி, செய்த கம்பனி, ஊர், ஆண்டு மூன்றையும் வாசியுங்கள். ட்ராமிலும் முதல் வேலை இதுதான்.

இன்னும் நேரம் இருந்தால் கோச்சியில் கடுகண்ணாவைக்குப் போய் அங்குள்ள ரயில் நூதனசாலையில் சக்கரத் தொகுதிகளைக் கீழிருந்து பாருங்கள். ட்ராமின் அடிப்பகுதியும் அதே குடும்பம்தான்.

2. எங்கே, எந்த நாளில்

கனடாவில் என்றால் ஹோல்ட்டன் கவுன்ட்டி ரேடியல் ரயில்வே நூதனசாலை. 1953இல், கழிக்கப்படவிருந்த டொரொன்டோவின் 1326ஆம் இலக்க மர ட்ராம் காரைக் காப்பாற்றச் சேர்ந்த ஆர்வலர்கள் தொடங்கிய சங்கம் அதை நடத்துகிறது. 1972இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. டொரொன்டோ ட்ராம் பாதையின் அகலம் 1,495 மில்லிமீற்றர். உலகத்தில் அநேக இடங்களில் உள்ள 1,435 அல்ல, நம் ரயிலின் 1,676உம் அல்ல. அந்தக் கார்களை வேறு பாதையில் ஓட்ட முடியாது என்பதால் நூதனசாலையும் தன் பாதையை அதே அகலத்தில் போட்டது. அங்கே பஸ் போகாது. 401 நெடுஞ்சாலையில் 312ஆம் வெளிவழியால் இறங்கி, குவெல்ஃப் லைன் வீதியில் வடக்கே போக வேண்டும். ஸ்காபரோவிலிருந்து போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டாலும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

இங்கிலாந்தில் டார்பிஷயரில் கிரிச் என்ற ஊரில் தேசிய ட்ராம் நூதனசாலை. வாசலில் ஒரு பழைய பென்னி நாணயம் தருவார்கள். அதை மறந்து காற்சட்டைப் பையில் போட்டுவிடாதீர்கள், ட்ராமில் கொண்டக்டரிடம் கொடுக்க வேண்டியது அதுதான். லண்டனிலிருந்து டார்பி வரை ரயில், அங்கிருந்து வொட்ஸ்டன்ட்வெல் ஸ்டேஷன், அதன்பின் நல்ல ஏற்றம். வயதானவர்களோடு போனால் கார் அல்லது டாக்சிதான் சரி.

இரண்டும் பருவகால இடங்கள். குளிர்காலத்தில் ட்ராம் பெரும்பாலும் ஓடாது. "திறந்திருக்கிறதா" என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஏமாறலாம். அவர்களின் இணையதளத்தில் ட்ராம் ஓடும் நாட்களுக்கான நாட்காட்டி இருக்கும், அதைப் பாருங்கள். மழை நாள் வேண்டாம். பழைய மரக் கார்களைப் பெரும்பாலும் மழைக்கு வெளியே எடுக்க மாட்டார்கள். நீங்கள் பார்க்க வந்தது அதுவாகத்தான் இருக்கும்.

3. உடுப்பும் சாமானும்

பழைய காரின் முதல் படி தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரம். சேலை உடுத்துப் போகும் அம்மம்மாவுக்கு அது கஷ்டம். தட்டைச் சப்பாத்தும், கொஞ்சம் தூக்கி உடுத்த சேலை அல்லது சல்வாரும் நல்லது. ஏறும்போது இரண்டு கையாலும் பித்தளைக் கைபிடியைப் பிடிக்க வேண்டும், ஆகவே கையில் பை வேண்டாம். ஒரு சின்ன டோர்ச், ஒரு கொப்பி, பேனா போதும். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். ட்ராம் நினைப்பதைவிடச் சத்தமில்லாமல் வரும், லொறிபோல ஒதுங்கவும் அதனால் முடியாது.

4. வெளியே: மேலிருந்து கீழ்

ஏறும் முன் காரைச் சுற்றி ஒருதரம் நடவுங்கள்.

கூரையில் நீளமான ஒரு தடி பின்பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும். அதுதான் ட்ரொலித் தடி. அடியில் உள்ள வலுவான வில்கள் அதை மேலே தள்ளிக் கம்பியோடு அழுத்திப் பிடிக்கின்றன. நுனியில் பள்ளமுள்ள ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அல்லது கரித்துண்டு பதித்த ஒரு செருப்பு. எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தடி எப்போதும் பின்னால் இழுபட்டுத்தான் போக வேண்டும். தடியைத் திருப்பாமல் காரைப் பின்னோக்கி ஓட்டினால் அது கம்பியை விட்டுத் தாவி, குறுக்கே கட்டியிருக்கும் கம்பிகளில் சிக்கி முறியும், அல்லது கம்பியையே அறுத்துவிடும். இரண்டு முனையாலும் ஓடும் கார்களில் பாதை முடிவில் தடியை மாற்றுவதை அதற்காகவே காத்திருந்து பாருங்கள். டொரொன்டோ கார்களில் பெரும்பாலானவை ஒருமுனைக் கார்கள், வட்டப் பாதையில் சுற்றித் திரும்பும்.

தடியில் கட்டிய கயிறு காரின் பின்புறத்தில் ஒரு வட்டப் பெட்டிக்குள் போகும். தடி கம்பியை விட்டுத் தாவினால் அந்தப் பெட்டி கயிற்றைச் சட்டென்று பிடிக்கும், சில வகை கீழேயும் இழுத்துவிடும். அந்தக் கயிற்றைத் தொடாதீர்கள். ஊஞ்சல் என்று நினைத்துப் பிள்ளைகள் இழுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தடி விழுந்தால் கரண்ட் போய்க் கார் நின்றுவிடும்.

கம்பியில் இருப்பது சுமார் 600 வோல்ட் நேரோட்ட மின்சாரம் (டி.சி.). ஒரே ஒரு தடிதான், அப்படியானால் கரண்ட் திரும்பிப் போவது எப்படி? குனிந்து பாருங்கள்: மோட்டரிலிருந்து அச்சு, அச்சிலிருந்து சக்கரம், சக்கரத்திலிருந்து தண்டவாளம். தண்டவாளம்தான் திரும்பும் வயர். அதனால்தான் தண்டவாள இணைப்புகளில் செம்புக் கயிறு பொருத்தியிருப்பார்கள். கொழும்பில் ஓடிய ட்ரொலி பஸ்ஸுக்கு ரப்பர் டயர். தரைக்குக் கரண்ட் போகாது. ஆகவே மேலே இரண்டு கம்பி, இரண்டு தடி. பழைய கொழும்புப் படங்களைப் பார்க்கும்போது இந்த ஒன்றை வைத்தே எது ட்ராம் பாதை, எது ட்ரொலி பஸ் பாதை என்று பிரிக்கலாம்.

முன்புறத்தில் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரச் சட்டமும் அதன் பின்னால் ஒரு தட்டும் தொங்குவதைப் பிரிட்டிஷ் கார்களில் காணலாம். யாராவது விழுந்து சட்டத்தில் பட்டால் தட்டு கீழே இறங்கி ஆளைச் சக்கரத்துக்குப் போகாமல் ஏந்தும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அது மணல் குழாய். ஈர இலை விழுந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும், அப்போது மணலைக் கொட்டிப் பிடிமானம் எடுப்பார்கள்.

5. உள்ளே: கொன்ட்ரோலர்

ஓட்டுநர் நிற்குமிடத்தில் இடுப்பளவு உயரத்தில், பித்தளை மூடியுள்ள ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் அதுதான். மேலே ஒரு பெரிய கைபிடி, பக்கத்தில் ஒரு சின்னது. சின்னது முன்னுக்கா பின்னுக்கா என்று தீர்மானிக்கும். பெரியது பூச்சியத்தில் இல்லாவிட்டால் சின்னது அசையாது, கழற்றவும் வராது. ஓட்டுநர் மறுமுனைக்கு நடக்கும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவதைக் கவனியுங்கள். காரின் திறப்பு அதுதான் என்று வையுங்கள்.

பெரிய கைபிடி படிப்படியாய், ஒவ்வொரு படிக்கும் ஒரு 'டக்' சத்தத்தோடு நகரும். பல கார்களில் எட்டு அல்லது ஒன்பது படிகள். மூடியில் அந்த இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் பாதியில் இரண்டு மோட்டரும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பட்டு, 600 வோல்ட்டை ஆளுக்கு 300ஆய்ப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் மெதுவான ஓட்டம். பிற்பாதியில் பக்கம் பக்கமாய் மாறி, ஒவ்வொன்றுக்கும் முழு 600. இடையில் உள்ள படிகளில் எல்லாம் கரண்டின் ஒரு பகுதி தடைச் சுருள்களில் சூடாய் வீணாகும். வீட்டில் பழைய பெட்டி ரெகுலேட்டர் உள்ள சீலிங் ஃபேன் இருந்தால் இரண்டில் வைத்துவிட்டு ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள், அதே கதைதான்.

அதனால் நெடுநேரம் ஓடக்கூடிய படிகள் இரண்டே: முதல் பாதியின் கடைசிப் படியும், எல்லாவற்றிலும் கடைசிப் படியும். நல்ல ஓட்டுநர் இடைப்படிகளில் நிற்க மாட்டார். நின்றால் சுருள் காய்ந்து, கருகிய மணம் வரும். நீங்கள் ஓட்டுநருக்குப் பின்னால் நின்று டக், டக் என்று எண்ணினால், எண்ணிக்கை நிற்கும் இடமும் வேகம் சீராகும் இடமும் ஒன்றாய் இருப்பது விளங்கும். ஒரு ட்ராம் பயணத்தில் இதைவிடச் சுவையான விசயம் இல்லை என்பதே எங்கள் கட்சி.

1936இல் வந்த பி.சி.சி. என்ற புதிய வகை ட்ராம் கார்களில் இந்தப் பெட்டியைத் தேடினால் காண மாட்டீர்கள். டொரொன்டோவில் ஓடியவற்றில் ஓட்டுநர் கார் ஓட்டுவதுபோல் இருந்து, காலால் மிதிகளை அமுக்கி ஓட்டினார். அதனால்தான் பழையதில் ஒன்று, பி.சி.சி.யில் ஒன்று என்று இரண்டிலும் ஏறிப் பார்க்க வேண்டும்.

6. ஓடும்போது

முதல் சுற்றில் நடுவில் இருங்கள், மோட்டர் சத்தம் கேட்க. இரண்டாவதில் முன்னால். கதிரையின் முதுகுச் சாய்வை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இரட்டைமுனைக் கார்களில் அது புரளும், எந்தப் பக்கம் ஓடினாலும் முகம் முன்னுக்குத்தான்.

புதியவர்கள் "பழுதாகிவிட்டது" என்று நினைக்கும் மூன்று விசயங்கள் உண்டு. நின்றுகொண்டிருக்கும் கார் திடீரென்று தட, தட என்று அதிரும். அது பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கொம்ப்ரெசர், அமுக்கம் குறைந்ததும் தானே வேலை தொடங்கும். விளக்கு மங்கும். மோட்டர் கரண்ட் இழுக்கும் நேரம் அது. சில இடத்தில் கணநேரம் முழுதாய் அணையும். கம்பியின் ஒரு பகுதியையும் அடுத்ததையும் பிரிக்கும் துண்டைத் தடி தாண்டுகிறது, அவ்வளவுதான். விளக்குகளில் ஐந்து மட்டும் வரிசையாய் எரியாமல் இருந்தால் அதற்கும் காரணம் உண்டு: 120 வோல்ட் பல்புகள் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாய்க் கட்டித்தான் 600க்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று போனால் ஐந்தும் போகும்.

பெல் கணக்கு கொழும்பு பஸ்ஸில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஒன்று நிறுத்த, இரண்டு எடுக்க.

டொரொன்டோவின் பீட்டர் விட் என்ற வகை ட்ராம் கார் கிடைத்தால் விடாதீர்கள். 1921க்கும் 1923க்கும் இடையில் வாங்கப்பட்டவை. முன்கதவால் ஏறி, நடுவில் நிற்கும் கொண்டக்டரைத் தாண்டும்போதுதான் காசு, இறங்குவது நடுக்கதவால். ஏறும் சனம் காசுக்காக வாசலில் தேங்காது. கொண்டக்டர் சனத்துக்குள்ளே நெருக்கிக்கொண்டு அலையவும் தேவையில்லை. கொழும்பின் 138 பஸ்ஸில் தினம் போகிறவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

7. கொட்டகையில்

ஓடாத கார்கள் கொட்டகைக்குள் நிற்கும். டோர்ச்சை இங்கேதான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு காரிலும் மூன்று படம் போதும்: காரின் இலக்கம், சக்கரத் தொகுதியின் பக்கவாட்டில் உள்ள வார்ப்பெழுத்து, கொன்ட்ரோலர் மூடியில் உள்ள பெயர். பல தடவை உடலை ஒரு கம்பனியும் சக்கரத் தொகுதியை இன்னொன்றும் மின்சாமானை மூன்றாவதும் செய்திருக்கும். பெயிண்ட் உரிந்து நிற்கும் காரைக் கழித்து நடக்காதீர்கள். பலகை கழன்ற இடத்தில் வயர் போகும் பாதையை அப்படியே பார்க்கலாம், பளபளக்கும் காரில் அது மறைந்திருக்கும். கிரிச்சில் திருத்தும் பட்டறையை மேலிருந்து பார்க்க ஒரு மாடமும் வைத்திருக்கிறார்கள்.

அங்கே நிற்கும் தொண்டர்களிடம் "இது எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்டால் ஓர் இலக்கம்தான் பதிலாய் வரும். "இதில் எந்தச் சாமான் கிடைக்காமல் கஷ்டப்பட்டீர்கள்?" என்று கேளுங்கள், சாவகாசமாய்ச் சொல்லத் தொடங்குவார்கள். ஆனால் அதற்கு முன் கடைசி ட்ராம் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வையுங்கள். நூதனசாலை பூட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னரே அது புறப்பட்டுவிடும்.