மளிகைக் கடையில் பாக்கெட் இல்லாமல் விற்பது எப்படி: மதுரைக் கடைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

செல்லூரிலோ அவனியாபுரத்திலோ பொழுது சாயும் நேரத்தில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று கவனியுங்கள். கூலி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பத்து ரூபாய்க்குத் துவரம்பருப்பு, ஐந்து ரூபாய்க்குச் சீரகம் என்றுதான் கேட்பார்கள். அதையே சின்னப் பாக்கெட்டாக வாங்கினால், கிலோவுக்குக் கணக்குப் பார்க்கும்போது ஊரிலேயே அதிக விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான். காலிப் பாக்கெட் வாய்க்காலில் விழுந்து மழை வந்ததும் வைகைக்குப் போகிறது. எடை போட்டுச் சில்லறையாக விற்கும் பழைய முறை இந்த இரண்டுக்கும் மருந்து. ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். வண்டு விழுந்த அரிசியை ஒரு தடவை வாங்கியவர் மறுபடி பாக்கெட்டுக்கே போய்விடுவார்.

1. பத்துச் சரக்கோடு தொடங்குங்கள்

கடை முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வேகமாக ஓடும் பத்துச் சரக்குப் போதும்: சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து, நிலக்கடலை, மிளகாய் வத்தல், மல்லி, குதிரைவாலி. ரவை, மைதாவை முதலில் தொடாதீர்கள். அவற்றில் பூச்சி சீக்கிரம் பிடிக்கும், சலித்தாலும் முழுதாகப் போகாது.

சில சரக்கைச் சட்டப்படியே இப்படி விற்கக் கூடாது. சமையல் எண்ணெயை டின்னிலிருந்து மொண்டு விற்கக் கூடாது, மூடி முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போன்ற பொடிகளும் அப்படியே. கலப்படம் செய்ய எளிதானவை என்பதால் இந்தக் கட்டுப்பாடு. வத்தலையும் மல்லியையும் முழுதாக விற்று, பக்கத்து மாவு மில்லில் திரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூளும் புதிதாகக் கிடைக்கும், மில்காரருக்கும் வேலை கிடைக்கும்.

2. தராசு: இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

கடையில் இருக்கும் 30 கிலோ எலக்ட்ரானிக் தராசின் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலானவை 5 கிராம் நுணுக்கம் உள்ளவை, அதாவது எடையை ஐந்தைந்து கிராமாகத்தான் காட்டும். குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று அதிலேயே போட்டிருக்கும். துவரம்பருப்பு கிலோ 140 ரூபாய் என்றால் பத்து ரூபாய்க்கு 71 கிராம். அதை அந்தத் தராசில் போட்டால் எடை நம்பும்படி இருக்காது. 1 கிராம் நுணுக்கமுள்ள சின்னத் தராசு ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். குறைவாக வாங்குகிறவருக்குத்தான் ஒவ்வொரு கிராமும் பெரிது.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை.

வாடிக்கையாளர் டப்பா கொண்டுவந்தால் வரிசை இதுதான்: காலி டப்பாவைத் தட்டில் வையுங்கள், 'டேர்' பொத்தானை அழுத்துங்கள், எண் பூஜ்யத்துக்கு வந்ததை அவரும் பார்க்கட்டும், பிறகு சரக்கைப் போடுங்கள். டப்பாவை எடுத்ததும் மறுபடி பூஜ்யமாக்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்தவருக்கு டப்பாவின் எடை அளவுக்குச் சரக்கு கூடப் போய்விடும். காகிதத்தில் கொடுத்தாலும் காகிதத்தின் எடையைக் கழித்தே காசு வாங்க வேண்டும்.

விலை ஒன்றே ஒன்று: 50 கிராம் வாங்கினாலும் 5 கிலோ வாங்கினாலும் கிராமுக்கு அதே கணக்கு. இந்த ஒன்றைக் கைவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

3. டப்பாவும் வண்டும்

மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் டிரம் நல்லது. முடியாவிட்டால் உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம். ரசாயனமோ பெயிண்டோ இருந்த பழைய டிரம்மை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. ஒரு வாரத்தில் விற்றுத் தீரும் அளவுக்குத்தான் டிரம் இருக்க வேண்டும். பெரிய டிரம் அழகாக இருக்கும், அடியில் சரக்கு பழையதாகும்.

அரிசி வண்டு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு ஓட்டையை அடைத்துவிடும். மூட்டை வரும்போது சுத்தமாகத் தெரிவதும், ஒரு மாதம் கழித்துத் திடீரென்று வண்டு ஊர்வதும் இதனால்தான். ஆகவே:

- பழைய சரக்கின் மேல் புதுச் சரக்கைக் கொட்டாதீர்கள். டிரம்மைக் காலி செய்து, அடியில் உள்ள தூசியைத் துடைத்து எடுத்த பிறகே நிரப்புங்கள். அடுத்த தலைமுறை வண்டு அந்தத் தூசியில்தான் இருக்கும்.
- கழுவினால் வெயிலில் முழுதாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை வந்து சரக்கு கட்டிபிடிக்கும்.
- மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.
- பருப்பைச் சித்திரை வெயிலில் தார்ப்பாயில் மெலிதாகப் பரப்பிக் காயவைக்கலாம். பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. அரிசியை மட்டும் சுடுவெயிலில் போடாதீர்கள், விரிசல் விட்டு நொய்யாகிவிடும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.
- முழுப் பாசிப்பயறு, தட்டாம்பயறு வாங்கினால் தோலின்மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது பயறு வண்டின் முட்டை. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

உலர்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்த வசம்பும் ஓரளவு உதவும். ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. பூச்சி மாத்திரையை மட்டும் கடைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். கடைக்குப் பின்னால் குடியிருப்பவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

4. பொட்டலமும் மஞ்சப்பையும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப்பைக்கு, அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும், தடை. துணி மாதிரியே தெரியும் 'நான்-ஓவன்' பையும் அந்தத் தடைக்குள் வருகிறது. அது துணியல்ல, பிளாஸ்டிக் இழை. செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதையும் நிறுத்துங்கள், அச்சு மை உணவில் ஒட்டும். அச்சிடாத பழுப்புக் காகிதமும் சணல் நூலும் போதும்.

துணிப்பையைப் பக்கத்துத் தெரு மகளிர் குழுவிடம் தைக்கக் கொடுங்கள். சொல்ல வேண்டிய அளவு: சலவை செய்யாத காடாத் துணி, அகலம் 14 அங்குலம், உயரம் 16 அங்குலம், கைப்பிடி ஒன்றரை அங்குல அகலம். பை கிழிவது துணியில் அல்ல, கைப்பிடி சேரும் இடத்தில். கைப்பிடியின் முனை பைக்குள் 2 அங்குலம் இறங்கி, சதுரமாகவும் குறுக்காகவும் தைத்திருக்க வேண்டும். முதலில் 50 பை மட்டும் சொல்லுங்கள். வந்ததில் ஒன்றில் 7 கிலோ அரிசி போட்டு ஆணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள், துணி வாங்கவே அவர்களுக்குக் காசு வேண்டும். மீதியைப் பை வந்த அன்றே கொடுங்கள். சப்ளையருக்குக் காசை இழுத்தடித்துவிட்டு உள்ளூர் மக்களுக்கு உதவுகிறோம் என்று போர்டு வைப்பது நியாயமில்லை.

பை இல்லாமல் வருபவரிடம் பைக்கு முன்தொகை வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதே தொகையைத் தந்துவிடுங்கள். திரும்பிய பையைத் துவைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள்.

5. சுற்றுவட்டாரத்தில் வாங்குவது

கீழமாசி வீதி மொத்தக் கடைகளை விட்டுவிடத் தேவையில்லை. மூன்று சரக்கை நேரடியாக வாங்கினால் நல்ல தொடக்கம். குதிரைவாலி டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் விளைகிறது. புரட்டாசி வாக்கில் விதைத்து, மார்கழி, தை வாக்கில் அறுப்பார்கள். குண்டு மிளகாய் ராமநாதபுரத்திலிருந்து மாசிக்கு மேல் வரத்து கூடும். பதநீர் இறங்கும் கோடையில் கருப்பட்டி.

விவசாயியை எங்கே பார்ப்பது? 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியது நம் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே கடைக்காகக் கொள்முதல் செய்யாதீர்கள், அது விவசாயி மக்களுக்கு நேரடியாக விற்கும் இடம். ஆனால் பேச்சுக் கொடுத்து, எந்த ஊரில் யார் என்ன விளைவிக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். உங்கள் வட்டாரத்தில் விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் இன்னும் எளிது, பில்லோடு கிடைக்கும்.

வாங்கும்போது மூட்டையோடு எடை போட்டால் சாக்கைக் கழியுங்கள். 50 கிலோ சணல் சாக்கே அரைக்கிலோவுக்கு மேல் வரும். ஆனால் 'கழிவு' என்று கூடுதலாக ஒரு கிலோ பிடிக்கும் பழக்கம் வேண்டாம். பட்டை தீட்டாத குதிரைவாலி அரிசியை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், தவிட்டு எண்ணெய் சிக்குப் பிடித்துக் கசக்கும். தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உமி நீக்கித் தரச் சொல்லுங்கள்.

6. மாதக் கடைசியில் கணக்கு

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வந்த எடை, விற்ற எடை, மீதி எடை என்று எழுதுங்கள். வித்தியாசம்தான் சிந்தல். அது கூடிக்கொண்டே போனால் அள்ளும் கரண்டி பெரிதா, டிரம்மின் வாய் சிறிதா, தராசைப் பூஜ்யமாக்க மறக்கிறார்களா என்று இந்த வரிசையில் பாருங்கள். கூடவே, முன்பு கவருக்கு மாதம் எவ்வளவு செலவானது என்று பழைய பில்லைப் பாருங்கள். ஒரு கவர் ஒன்றரை ரூபாய், நாளைக்கு 100 கவர் என்றால் மாதம் 4,500 ரூபாய். டப்பா கொண்டுவருபவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க அதிலிருந்தே பணம் எடுக்கலாம்.