ஆர்வி வண்டியில் ரேடியோ கரகரக்கிறதா? புதுசு வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறையோடு உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வண்டி, வாங்குகிறவர்கள் முதல் நெடும்பயணத்திலேயே இதைக் கவனித்துவிடுவார்கள். காரில் தெளிவாகக் கேட்கிற எஃப்எம் ஸ்டேஷன், அதே சாலையில் இந்தப் பெரிய வண்டியில் கரகரக்கும். ஏஎம் பக்கம் திருப்பினால் வெறும் இரைச்சல். உடனே செய்கிற காரியம், டாஷ்போர்டில் இருக்கிற ரேடியோவைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டுவது. தொடுதிரை வந்துவிடும், புளூடூத் வந்துவிடும். கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

ரேடியோப் பெட்டி காரணமாக ஸ்டேஷன் பிடிக்காமல் போவது குறைவு. குற்றம் பெரும்பாலும் ஆன்டெனாவில் இருக்கும், அல்லது அதன் கேபிளில், அல்லது வண்டிக்குள்ளேயே இரைச்சல் கிளப்புகிற வேறொரு சாதனத்தில். இந்த மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

ஆன்டெனாவுக்கு அடியில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது

காரில் ஆன்டெனாக் கம்பி பாதிதான். மீதிப் பாதி அதற்கு அடியில் இருக்கிற இரும்புத் தகடு. எஃப்எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, அதாவது அலைநீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களில் கம்பி ஆன்டெனா ஏறக்குறைய அந்த உயரத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் கால்பங்குக் கம்பி சரியாக வேலை செய்ய அடியில் பரந்த உலோகப் பரப்பு வேண்டும்.

பஸ் போல இருக்கிற கிளாஸ் ஏ மோட்டார் ஹோம்களில் முன்முகம் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். ஆன்டெனாவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த ஃபைபரிலேயே ஓட்டை போட்டு நிறுத்தியிருப்பார்கள். அடியில் உலோகம் எதுவும் இருக்காது. புது ஆன்டெனா வாங்கி அதே இடத்தில் மாட்டினாலும் அதே கதைதான்.

இதற்கு இரண்டு வழி. ஆன்டெனாவின் அடிப்பாகத்திலிருந்து சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வரை அகலமான செம்புப் பின்னல் பட்டை ஒன்றை, முடிந்தவரை குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கிவிடலாம். இது பல வண்டிகளில் நன்றாகவே உதவும். இல்லையென்றால், அடித்தகடு தேவைப்படாத வகை ஆன்டெனா வாங்கலாம். படகுகளின் உடம்பும் ஃபைபர் கிளாஸ்தான் என்பதால், படகுச் சாமான் கடைகளில் இவை எளிதாகக் கிடைக்கும்.

மரக்கிளையில் இடித்து உடைகிறது என்று நீளக் கம்பியை எடுத்துவிட்டு விரல் நீள ரப்பர் ஆன்டெனா போடுகிறவர்கள் நிறைய பேர். பார்க்க அழகுதான். ஆனால் எஃப்எம் பாதியாகக் குறையும், ஏஎம் சுத்தமாகப் போய்விடும். வளைந்து நிமிர்கிற ஸ்பிரிங் அடி வைத்த நீளக் கம்பி கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊகிப்பது

சாதாரணக் கம்பி ஆன்டெனாவைச் சோதிக்கச் சின்ன மல்டிமீட்டர் ஒன்று போதும். ரேடியோவின் பின்னாலிருந்து ஆன்டெனா பிளக்கை உருவிக்கொள்ளுங்கள். பிளக்கின் நடு ஊசிக்கும் வெளியே உள்ள கம்பியின் நுனிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். நடு ஊசிக்கும் பிளக்கின் வெளி வளையத்துக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. வெளி வளையத்துக்கும் சேஸிஸுக்கும் இடையே மின்தடை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

முதலாவது தவறினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டாவது தவறினால் அடிப்பாகத்தில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. அடியைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் பூஞ்சை மாதிரி செம்புத் துரு படிந்திருக்கும். மூன்றாவது தவறினால் மேலே சொன்ன பிரச்சினைதான்: கிரவுண்ட், அதாவது சேஸிஸோடு உள்ள இணைப்பு, சரியில்லை. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ரேடியோ வாங்கப் போவது எனக்குப் புரிவதே இல்லை.

கையில் கிடைத்த கேபிளைப் போடுவது

ஆன்டெனாவை முன்னாலிருந்து கூரைக்கு மாற்றலாம் என்று நினைக்கிறவர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் டிவி கேபிளையே இழுத்துவிடுகிறார்கள். எஃப்எம் ஓரளவு தாங்கும். ஏஎம் தாங்காது. வண்டிகளுக்கென்று வருகிற ஆன்டெனா கேபிளின் உள்ளே தலைமுடி போல மெல்லிய கம்பி, சுற்றிலும் பெரும்பாலும் காற்றுதான் இருக்கும். ஏஎம் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அதற்கு முன்னால் முக்கால் மீட்டர் கம்பி பிடிக்கிற சிக்னல் மிகச் சன்னம். டிவி கேபிள் போன்ற சாதாரணக் கோஆக்ஸ் கேபிளின் கொள்திறன் (கெப்பாசிட்டன்ஸ், மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அந்தச் சிக்னலை வழியிலேயே வடித்துவிடும். கேபிள் நீள நீள இழப்பும் கூடும். அறுந்த கேபிளை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள்.

எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும்போது ஏஎம் எதற்கு என்று கேட்கலாம். நெவாடா, யூட்டா, மொன்டானா பக்கம் போய்ப் பாருங்கள். மணிக்கணக்கில் செல்போன் சிக்னல் இருக்காது. எஃப்எம் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, மலை மறைத்தால் முடிந்தது. ஏஎம் இரவில் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரும். ஏஎம்மில் டென்வரின் 850 கிலோஹெர்ட்ஸ், சால்ட் லேக் சிட்டியின் 1160, நாஷ்வில்லின் 650 எல்லாம் 50,000 வாட் நிலையங்கள். ஆன்டெனா சரியாக இருந்தால் இவை ராத்திரி எங்கெங்கேயோ கேட்கும்.

வேன் வகை கிளாஸ் பி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற ஐரோப்பிய வேன்கள் பலவற்றில் ஆன்டெனாவிலேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கான 12 வோல்ட், ஒரிஜினல் ரேடியோவிலிருந்து ஆன்டெனா கேபிள் வழியாகவே போகும். வெளிக் கடை ரேடியோவை மாட்டும்போது இது நின்றுவிடும். இதற்கென்று வருகிற அடாப்டரில் தனியாக ஒரு கம்பி தொங்கும். அதை ரேடியோவின் நீலக் கம்பியில் இணைக்காமல் அப்படியே விட்டுவிடுவதுதான் புது ரேடியோ போட்டதும் ஸ்டேஷன் எல்லாம் போய்விட்டது என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம்.

சிக்னல் குறைவு என்று பூஸ்டர் வாங்குவது

இரைச்சல் இருக்கிற இடத்தில் பூஸ்டர் போட்டால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். நகரத்துக்குள் சக்திவாய்ந்த ஸ்டேஷன் பக்கத்தில் வந்தால் ரேடியோ திணறி மற்ற ஸ்டேஷன்களும் கெடும். ஆன்டெனா நன்றாக இருந்து, கேபிள் மட்டும் மிக நீளமாக இருந்தால் பூஸ்டருக்கு ஒரு நியாயம் உண்டு. அப்போதும் அதை ஆன்டெனாவின் அடியில் வைக்க வேண்டும், ரேடியோவின் பின்னால் அல்ல.

இரைச்சலின் ஊற்று வண்டிக்குள்ளேயே இருப்பதை மறப்பது

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆர்வி என்பது மின்சாதனங்கள் நெருக்கமாக அடைந்த ஒரு சின்ன வீடு. எல்இடி விளக்குகள், 120 வோல்ட்டை 12 ஆக்குகிற கன்வர்ட்டர், இன்வர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், யுஎஸ்பி சார்ஜர், பிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு என்று ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை அதிவேகமாக விட்டு விட்டுச் செலுத்தி இரைச்சல் கிளப்புகிற ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கிறது. மலிவான எல்இடி பல்புகளில் வடிகட்டி இருக்காது. பழைய பல்புகளை எடுத்துவிட்டு மலிவு எல்இடி போட்ட அன்றிலிருந்து எஃப்எம் போய்விடுவது மிகச் சாதாரணம்.

முதலில் இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். புளூடூத்தில் பாட்டு போட்டாலும் அதே இரைச்சல் வந்தால் அது ஆன்டெனா வழியாக வரவில்லை. மின்கம்பி அல்லது கிரவுண்ட் வழியாக வருகிறது. ரேடியோவில் மட்டும் வந்தால், ஆன்டெனா பிளக்கை உருவிப் பாருங்கள். அடங்கினால் இரைச்சல் காற்றில் வருகிறது.

பிறகு நேரம் பாருங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க உயர்கிற விசில் சத்தம் என்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற கருவி). முகாமில் கரன்ட் இணைப்புக் கொடுத்ததும் ஆரம்பித்தால் கன்வர்ட்டர். வெயில் ஏறினால் வந்து மாலையில் போனால் சோலார் கன்ட்ரோலர். விளக்கு போட்டால் மட்டும் என்றால் சொல்லவே வேண்டாம்.

எதிலும் சிக்கவில்லையா? ஊருக்கு வெளியே, மின்கம்பிகள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடுகிற ஒரு கையடக்க ரேடியோவை ஏஎம்மில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, 12 வோல்ட் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எந்த ஃபியூஸில் இரைச்சல் நிற்கிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறான். அதே ரேடியோவைக் கையில் பிடித்து அந்த லைனில் உள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக நெருங்கினால் சத்தம் ஏறுகிற இடத்தில் பிடித்துவிடலாம்.

பிடித்த பிறகு, எல்இடி என்றால் நல்ல தயாரிப்பாக மாற்றுங்கள். கன்வர்ட்டர், கன்ட்ரோலர் போன்றவற்றின் கம்பிகளில், சாதனத்தை ஒட்டி, இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையம் மாட்டலாம். ஒரே ஒரு தடவை நுழைத்தால் எஃப்எம்முக்குப் பலன் தெரியும். ஏஎம்முக்குக் கம்பியைப் பலமுறை சுற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் விசிலுக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடத்தில் கிரவுண்ட் ஆகியிருப்பது. ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி கொண்டுபோகிற ஆர்சிஏ கேபிளைப் பவர் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பதும் காரணமாகலாம். இதைச் சரிசெய்யாமல் ஃபில்டர் வாங்கி மாட்டினால் மறுபடி வரும்.

பேட்டரி இணைப்பில் வரும் குழப்பம்

மோட்டார் ஹோமில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்கு ஒரு பேட்டரி. முகாமில் மாலை முழுக்கப் பாட்டு கேட்டுவிட்டு, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறவர்கள் ரேடியோவை எஞ்சின் பேட்டரியில் விட்டவர்கள். இதைச் சரிசெய்யப் போய் ரேடியோவின் சிவப்புக் கம்பியை மட்டும் வீட்டு பேட்டரிக்கு மாற்றுவார்கள். போதாது. வெளிக் கடை ரேடியோக்களில் சிவப்பு ஆன் செய்கிற சிக்னல்தான். நினைவகத்துக்கு என்று சொல்லப்படுகிற மஞ்சள் கம்பியில்தான் உண்மையான கரன்ட் இழுபடுகிறது. இரண்டையும் ஃபியூஸோடு வீட்டு பேட்டரிக்குக் கொண்டுவந்து, சிவப்பில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். தனி ஆம்ப்ளிஃபயர் போட்டால் அதன் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இது தீப்பிடிக்காமல் இருப்பதற்கான விஷயம், சோம்பல் வேண்டாம்.

ஸ்பீக்கர் விஷயத்தில்

மிகப் பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் கம்பிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சேஸிஸில் கட்டியிருப்பார்கள். அந்தக் கால ரேடியோக்கள் அப்படி. இன்றைய ரேடியோவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி நெகட்டிவ், அது கிரவுண்ட் அல்ல. பழைய கம்பியில் புது ரேடியோவை இணைத்தால் அது ஒலியை நிறுத்திக்கொள்ளும், அல்லது உள்ளே ஐசி (சிப்) எரியும். புதிதாகக் கம்பி இழுப்பதுதான் ஒரே வழி.

வெளியே உட்கார்ந்து கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கரை உள்ளே இருப்பவற்றோடு இணையாகச் சேர்த்துவிடுவதும் உண்டு. 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். டாஷ்போர்டு ரேடியோ அதற்குத் தாங்காது. ஸ்பீக்கர் செலக்டர் ஸ்விட்ச் போடுங்கள், அல்லது தனி ஆம்ப்ளிஃபயர். பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்திருந்தாலும் தொடர்ந்து கொடுப்பது சேனலுக்கு 20 வாட் அருகில்தான் இருக்கும். அதனால் சிறிய சக்தியிலேயே நன்றாகப் பாடுகிற, சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கராகத் தேர்ந்தெடுங்கள்.

பாஸ் (கனமான தாழ்ந்த ஒலி) இல்லை என்று சொல்லி ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன், அது பொருத்தியிருக்கிற பலகையைக் கையால் தட்டிப் பாருங்கள். மெல்லிய பிளைவுட், பின்னால் திறந்த கப்போர்டு. ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் முன்பக்கத்தோடு கலந்து பாஸை அழித்துவிடும். ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டி, பின்னால் மூடிய பெட்டியாக அடைத்தாலே ஒலி ஆளே மாறிவிடும். துளை போடும் முன் சுவருக்குப் பின்னால் கேஸ் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கூரையில் எந்த ஆன்டெனாவைப் பொருத்தினாலும், வீட்டு பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கானைப் பூசாதீர்கள். ஆர்வியின் ரப்பர் கூரைக்கென்று தனி சீலன்ட் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ ஓட்டையில் இறங்கும் தண்ணீர் கூரை மரத்தையே உளுக்க வைத்துவிடும்.

வெளி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஆடியோ சாதனத்தின் ஒலி 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. 60 டெசிபல் ஏறக்குறைய எதிரே இருப்பவர் பேசுகிற அளவு.

வானிலை ரேடியோவை வீட்டு எண்ணிலேயே விட்டுவிடுவது

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் நோவா என்ற அரசு வானிலை அமைப்பின் ரேடியோ 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 அலைவரிசைகளில் ஒலிபரப்பாகிறது. எச்சரிக்கை வந்தால் தானாக அலறுகிற சின்ன ரிசீவர்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 6 இலக்க எண் உண்டு, ரிசீவரில் எந்த எண்ணை அமைக்கிறோமோ அந்தக் கவுண்டியின் எச்சரிக்கைக்குத்தான் அது அலறும். வீட்டில் அமைத்த எண்ணோடு ஓக்லஹோமாவில் போய் முகாமிட்டால், சுழற்காற்று எச்சரிக்கை ஒலிபரப்பானாலும் உங்கள் ரிசீவர் வாய் திறக்காது. அது உங்கள் வீட்டுக் கவுண்டிக்காகக் காத்திருக்கும்.

பழைய ஆர்வி டாஷ்போர்டு ரேடியோக்களில் இருக்கும் வானிலை பட்டனை நம்பியும் தூங்க முடியாது. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அது சொல்லும். தனி ரிசீவர் வாங்கி, ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தியதும் நன்றாகக் கேட்கிற அலைவரிசையைத் தேடி வையுங்கள். அந்தக் கவுண்டியின் எண்ணைப் போடுங்கள். ஊர் ஊராக எண் மாற்ற முடியவில்லை என்றால் எல்லாக் கவுண்டியும் என்ற அமைப்பில் விடலாம். தேவையில்லாத அலாரம் கொஞ்சம் கூடுதலாக வரும், பரவாயில்லை. எச்சரிக்கை வந்தால் ஆர்விக்குள் இருக்காதீர்கள், பக்கத்தில் உறுதியான கட்டடம் எது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.