காணிக்கு அல்ல, பயிரிடுபவருக்கு: மலையகத்தில் நியாயமான விவசாய மானியம் கேட்கும் முன்மொழிவைத் தயாரிக்கும் முறை

இலங்கையில் நெல்லுக்கான உர மானியம் 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது. உச்ச எல்லை 2 ஹெக்டேயர். கமநல சேவை நிலையத்தில் பதிவான விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது. பதிவில் பெயர் இல்லாதவருக்கு எதுவும் இல்லை. மலையகத்தின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கந்தப்பளையில் அடுத்தவர் காணியில் அரைப்பங்குக்கு லீக்ஸ் போடுபவரும், வெலிமடையில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உருளைக்கிழங்கு போடுபவரும், பொகவந்தலாவையில் லயத்துக்குப் பின்னால் 15 பேர்ச்சில் கரட்டும் போஞ்சியும் போடும் தோட்டத் தொழிலாளியும் கடையில் முழு விலை கொடுத்தே பசளை வாங்குகிறார்கள். மற்றப் பயிர்களுக்கு அவ்வப்போது ஏதாவது அறிவிக்கப்பட்டாலும் இவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அது வந்து சேர்வதில்லை.

கமக்கார அமைப்புகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் இந்தக் குறிப்பு உதவும். மானியத்தைக் காணியோடு கட்டாமல் பயிரிடுபவரோடு கட்டச் சொல்லும் முன்மொழிவை எண்களோடு எழுதி, அதைத் தீர்மானிக்கக்கூடியவரின் மேசைக்குச் சரியான மாதத்தில் கொண்டு சேர்ப்பதுதான் வேலை.

முதலில் ஒரு கணக்கு

ஒரு ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 395 பேர்ச். 25,000 ரூபாயை 395ஆல் பிரித்தால் பேர்ச்சுக்கு 63 ரூபாய். இதே வீதத்தை நாளைக்கே மரக்கறிக்கும் தோட்டங்களுக்கும் விரித்தாலும் 7 பேர்ச் வைத்திருப்பவருக்கு 443 ரூபாய், 10 பேர்ச்சுக்கு 632 ரூபாய், கால் ஏக்கருக்கு 2,529 ரூபாய்தான் வரும். வங்கிக்குப் போய் வரும் பஸ் காசும் போன அரைநாள் சம்பளமும் 443 ரூபாயைத் தின்றுவிடும். “எங்களுக்கும் நெல்லுக்குக் கொடுப்பதைக் கொடுங்கள்” என்ற கோரிக்கை மேடையில் நன்றாக ஒலிக்கும். ஆனால் அது அப்படியே கிடைத்துவிட்டால் சின்னத் துண்டுக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. எழுதும் முன் குழுவில் எல்லோரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பயிரிடுபவர் பட்டியல்

ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவை, அல்லது ஒரு தோட்டப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எல்லா வீடும். முடியாவிட்டால் 40 வீடாவது, லயத்துக்கு லயம் சமமாகப் பரந்து வரும்படி. தெரிந்தவர் வீடுகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அதிகாரி கேட்கும் இரண்டாவது கேள்விக்கே பட்டியல் விழுந்துவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் எழுத வேண்டியவை: பயிரிடுபவர் பெயர், பரப்பு, போகம், பயிர், காணியின் வகை (உறுதி, அனுமதிப்பத்திரம், குத்தகை, அரைப்பங்கு, தோட்டக் காணி), எத்தனை வருடமாகச் செய்கிறார், போன போகத்தில் ஏதாவது மானியம் வந்ததா, வந்திருந்தால் யார் கைக்கு வந்தது. கடைசிக் கேள்விதான் இந்தப் பட்டியலின் உயிர். குத்தகைக் காணிக்கு வரும் பணம் காணிக்காரரிடமே நின்றுவிடும் வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பதை வேறு எந்தப் பதிவேடும் காட்டாது. கணவன் தோட்டத்துக்கு வெளியே வேலை செய்ய மண்ணில் நிற்பது மனைவியாக இருந்தால் மனைவியின் பெயரையே எழுதுங்கள். அடையாள அட்டை இலக்கங்களைத் தனித்தாளில் வைத்து, முன்மொழிவோடு இணைக்காமல் விடுங்கள்.

பரப்பை அளக்கும்போது ஒரு பிழை எப்போதும் நடக்கும். ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, அதாவது 272 சதுர அடியும் கொஞ்சமும். சரிவில் நாடாவை மண்ணோடு படுத்து இழுத்தால் பரப்பு கூடுதலாக வரும்: 30 பாகைச் சரிவில் 100 அடி என்று காட்டும் நீளம் கிடையாக 87 அடிதான். நாடாவை மட்டமாகப் பிடித்து, கீழ்முனையிலிருந்து நூல்குண்டு விட்டு, படிப்படியாக அளந்து கூட்டுங்கள். பிறகு வரும் உத்தியோகத்தர் ஒரே ஒரு துண்டை அளந்து குறைவாகக் கண்டால் மற்ற 39 துண்டையும் நம்பமாட்டார்.

தோட்டக் காணியில் பயிரிடுபவர்கள் கையொப்பமிடத் தயங்குவார்கள். தோட்ட நிருவாகமும் சந்தேகப்படும். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகள் இந்தக் காணிகளை நீண்டகாலக் குத்தகையில் வைத்திருக்கின்றன, தொழிலாளிக்குக் கையில் எழுத்து எதுவும் இல்லை. ஆகவே படிவத்தின் மேலேயே “இது பயிரிடுபவர் விபரம், காணி உரிமை பற்றிய கோரிக்கையோ விட்டுக்கொடுப்போ அல்ல” என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். காணியுரிமைப் போராட்டம் நியாயமானது, தொடர வேண்டியது. ஆனால் இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் மானியக் கோரிக்கை காணி வழக்கு முடியும்வரை காத்துக்கிடக்கும்.

பயிரிடுவதற்கு ஆதாரமாக ஏற்கத்தக்கவை: கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பசளைக் கடை பில், மரக்கறி லொறிக்காரரின் துண்டு, விவசாயப் போதனாசிரியர் பார்த்ததற்கான குறிப்பு, திகதியோடு எடுத்த படம். இவற்றில் ஏதாவது இரண்டு கேட்கும் முறையை நீங்களே முன்மொழியுங்கள். இல்லாவிட்டால் உறுதிப்பத்திரம்தான் கேட்பார்கள்.

செலவுக் கணக்கு

பத்து வீட்டிலாவது ஒரு முழுப் போகத்துக்குக் கொப்பி வைக்க வேண்டும். விதை, பசளை, மருந்து, கூலி, சாக்கு, லொறிக் கூலி, தரகு, கழிவு என்று தனித்தனி வரி. வீட்டு ஆட்களின் உழைப்பை விட்டுவிடுவது வழமையான தவறு. அதையும் தோட்ட நாட்சம்பளத்தில் விலைபோட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பயிரும் இலாபம் போலவே தெரியும். மொத்தச் செலவை விற்ற கிலோவால் பிரியுங்கள். அறுத்த கிலோவால் பிரிக்கக்கூடாது. பொருளாதார மத்திய நிலையத்துக்கு (மொத்தச் சந்தைக்கு) போகும் வழியில் நசுங்கியதும் அங்கே தள்ளுபடியானதும் உங்கள் செலவுதான்.

தொழிற்சாலைக்குத் தேயிலைக் கொழுந்து கொடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தொழிற்சாலை விற்ற விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது நடைமுறையிலுள்ள சூத்திரம். தேயிலை கிலோ 1,200 ரூபாய்க்கு விற்றது, 100 கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தேயிலை வந்தது என்று வைத்தால், 1,200இல் 68 வீதம் 816, அதை 0.215ஆல் பெருக்க ஒரு கிலோ கொழுந்துக்கு 175 ரூபாய். இப்போது தராசடியில் ஈரம், சாக்கு, முற்றல் என்று 10 வீதம் கழித்தால் 100 கிலோவுக்கு 1,750 ரூபாய் போய்விடும். மாதம் 300 கிலோ கொடுப்பவருக்கு வருடத்தில் 63,000 ரூபாய். எந்த உர மானியமும் இதை ஈடுகட்டாது. ஆகவே கொழுந்துக்காரரின் முன்மொழிவில் மானியத்துக்கு முன்னால் தராசை எழுதுங்கள்: அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் நடப்பு வருட முத்திரை, கழிவின் காரணம் துண்டிலேயே எழுதப்படுதல், தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபையின் பரிசோதகர் முன்னறிவிப்பின்றி வந்து நிறுத்துப் பார்த்தல். மழைநாளில் நியாயமான ஈரக்கழிவு உண்டு என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அரசின் எண்களை அரசிடமே கேட்பது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். கேள்விகள் மூன்று போதும்: இந்தக் கமநல சேவை நிலையப் பிரிவில் போன பெரும்போகத்தில் உர மானியம் பெற்றவர் எத்தனை பேர், பயிர்வாரியாக எவ்வளவு தொகை, அரை ஏக்கருக்குக் குறைந்த பரப்புக்குப் பெற்றவர் எத்தனை பேர். “ஏன் எங்களுக்குத் தரவில்லை?” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குத் “தகவல் இல்லை” என்று பதில் வந்துவிடும். எண்ணிக்கை கேட்டால் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான எழுத்தை வாங்காமல் திரும்பாதீர்கள்.

என்ன கேட்பது

முதல் கோரிக்கை பயிரிடுபவர் பதிவு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்தான் விவசாயக் காணிப் பதிவேடும் கமக்கார அமைப்புகளும் இயங்குகின்றன. அந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், உரிமையைத் தொடாமல், போகத்துக்குப் போகம் புதுப்பிக்கும் பயிரிடுபவர் பதிவு ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். “தோட்டத்தில் இருப்பவருக்குக் காணி இல்லாமல் எப்படி?” என்பார்கள். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆவதோடு, வருகைக்கான 200 ரூபாயை அரசே கொடுப்பதாக முன்மொழியப்பட்டது. காணி எதுவும் பார்க்காமல் ஆளுக்குக் கொடுக்கும் வழி திறைசேரிக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இரண்டாவது, அடிப்படைத் தொகை. ஒரு மாதிரி இது: 40 பேர்ச் வரை எவ்வளவு இருந்தாலும் போகத்துக்கு 6,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 40 பேர்ச்சுக்கும் 2,500 ரூபாய், உச்ச எல்லை 2 ஏக்கர். ஒரு ஏக்கர்காரருக்கு 13,500 ரூபாய் வரும். நெல்லுக்கான வீதத்தில் 10,100 ரூபாய். 10 பேர்ச்காரருக்கு அந்த வீதத்தில் 632 ரூபாய் வரும் இடத்தில் 6,000 ரூபாய். 2 ஏக்கருக்குள் எவரும் இழக்கவில்லை, கீழே இருப்பவர் அதிகம் பெறுகிறார். உங்கள் பட்டியலை வைத்து மொத்தச் செலவையும் போட்டுக் காட்டுங்கள். 500 வீட்டில் 300 பேர் 40 பேர்ச்சுக்குள், 150 பேர் 80 பேர்ச், 50 பேர் ஒரு ஏக்கர் என்றால் 18 இலட்சம், 12.75 இலட்சம், 6.75 இலட்சம், கூட்டினால் போகத்துக்கு 37.5 இலட்சம் ரூபாய். மொத்தத் தொகை எழுதாத முன்மொழிவைத் திறைசேரி படிக்காது.

மூன்றாவது, பணம் எதற்குப் பயன்படலாம் என்பது. இங்கே அவசரப்படாதீர்கள். 1962இல் தொடங்கிய உர மானியம் பல வடிவங்களில் வந்துவிட்டது. 2005இல் நெல் விவசாயிக்கு 50 கிலோ மூடை 350 ரூபாய், பிறகு காசு, பிறகு மறுபடி மூடை. மூடையாகக் கொடுத்தால் மலிந்த பசளையையே அள்ளிப் போடுவார்கள். ஒரு யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. மலைச்சரிவில் மழைக்கு முன் போட்டால் அதில் ஒரு பகுதி ஓடைக்குத்தான். நுவரெலியாப் பக்கத்து மரக்கறி மண்ணில் பொஸ்பரசு ஏற்கனவே தேங்கிக் கிடக்கிறது, மேலும் கொட்டுவதால் விளைச்சல் கூடாது. வெறும் காசாகக் கொடுத்தால் வட்டிக் கடனுக்குப் போகும். அதில் தவறில்லை, ஆனால் அடுத்த போகத்து மண் அப்படியே இருக்கும். வவுச்சர் முறையைக் கேட்பது மலையகத்துக்கு நல்லது: பசளை, டொலமைட், கூட்டெரு, விதை உருளைக்கிழங்கு, மண் பரிசோதனை ஆகியவற்றில் எதையும் வாங்கலாம். மலைமண் புளிப்பானது, கோவாவில் வேர்முடிச்சு (கிளப்ரூட்) நோய் புளிப்பு மண்ணில்தான் தலைதூக்கும். அந்தக் காணிக்கு ஒரு மூடை யூரியாவைவிட டொலமைட் அவசியம். கற்கட்டு வரம்புக்கும் வடிகாலுக்கும் மீற்றர் கணக்கில் தனிக் கொடுப்பனவு கேளுங்கள். குத்தகைக்காரர் அடுத்தவர் காணியில் கல் கட்டமாட்டார், கட்டியதற்குப் பணம் கொடுத்தால் கட்டுவார்.

“சர்வதேச ஒப்பந்தம் தடுக்கும்” என்று யாராவது சொன்னால், உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தத்தின் 6.2ஆம் உறுப்புரை வளர்முக நாடுகளில் வருமானம் குறைந்த அல்லது வளம் குறைந்த விவசாயிகளுக்கு உள்ளீட்டு மானியம் கொடுக்க இடம் தருகிறது என்பதை முன்மொழிவின் அடியில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கால அட்டவணை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நின்றது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது தேயிலையும் மரக்கறியும் அடி வாங்கிவிட்டன. எந்த மாற்றமும் மூன்று போகத்துக்குப் படிப்படியாக, ஒவ்வொன்றும் விதைப்புக்கு 60 நாள் முன் அறிவிக்கப்பட்டு வரவேண்டும் என்று எழுதுங்கள். விதைப்பு முடிந்து வரும் பசளைப் பணம் பசளையாகாது.

எங்கே, எப்போது

கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரிடம் சண்டை போடுவதால் தொகை மாறாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. மானியத் தொகை அமைச்சரவையும் திறைசேரியும் தீர்மானிப்பது. பதிவு முறை கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் கையில். விதை, மண் பரிசோதனை, போதனாசிரியர் வருகை ஆகியவற்றில் மத்திய, ஊவா மாகாண விவசாயத் திணைக்களங்களுக்கும் பங்குண்டு. விளைச்சலை இறக்கும் பாதை பிரதேச சபையின் வேலை. தோட்டத்துக்குள் செலவழிக்கச் சபைகளுக்கு இருந்த தடை, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தியதால் 2018இல் நீங்கிவிட்டது. “தோட்டப் பாதைக்குச் சட்டம் இடம் தராது” என்று இன்னும் சொல்பவரிடம் இதைக் காட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாமல், அவரவரால் செய்யக்கூடியதை மட்டும் அவரவருக்கு எழுதுங்கள்.

வரவுசெலவுத்திட்டம் வழக்கமாக நவம்பரில் வருகிறது. அமைச்சுகளின் மதிப்பீடு அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடும். சிறுபோகத்தில் கொப்பி எழுதத் தொடங்கி, ஜூன் முடிவதற்குள் முன்மொழிவு அமைச்சில் இருக்க வேண்டும். பிரதேச சபைக்கு ஒக்டோபர் போதும். அதற்கிடையில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் விடயத்தைச் சேர்க்கப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசியது குறிப்பேட்டில் ஏறாவிட்டால் அது பேசாததற்குச் சமம்.

முன்மொழிவு நான்கு பக்கத்தைத் தாண்டக்கூடாது: முதல் பக்கத்தில் கோரிக்கையும் மொத்தத் தொகையும், பின்னால் பட்டியலின் சுருக்கம், செலவுக் கணக்கு, தகவல் உரிமையில் வந்த பதில். சிங்களத்தில் ஒரு பக்கச் சுருக்கமும் வையுங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, அதை விடவேண்டாம். ஆனால் மொழிபெயர்ப்புக்காக ஆறு வாரம் கோப்பில் கிடக்க விடவும் வேண்டாம்.

“கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தால் 30 நாள் பொறுத்து, அந்தக் கோப்பின் இலக்கம் என்ன, இப்போது எந்த உத்தியோகத்தரிடம் இருக்கிறது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி ஆகியவற்றைத் தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேளுங்கள். அடுத்த போகத்துக் கொப்பியை அதே வீடுகளில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருங்கள். ஒரு போகத்துக் கணக்கை “அந்த வருடம் மழை” என்று தள்ளிவிடுவார்கள், மூன்று போகத்துக் கணக்கை அப்படித் தள்ள முடியாது.