கிளெய்ம் போட்ட காருக்கு இன்சூரன்ஸ்: பணம் எங்கே குறையும், எங்கே குறைக்கக் கூடாது

போன வருடம் இரண்டு கிளெய்ம். இந்த வருடம் புதுப்பிக்கப் போனால் தொகை எகிறி நிற்கிறது. ஏஜென்டைக் கேட்டால் "ரிஸ்க் வண்டி சார், அப்படித்தான் வரும்" என்கிறார். அந்தப் பதிலை அப்படியே நம்பிப் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. எந்தப் பகுதி ஏறியிருக்கிறது என்று கேளுங்கள்.

பாலிசியில் இரண்டு பகுதி உண்டு: நம் காரால் பிறருக்கு ஆகும் சேதத்துக்குத் தேர்ட் பார்ட்டி, நம் காருக்கே ஆகும் சேதத்துக்கு ஓன் டேமேஜ். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அமலான பட்டியல்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பத்து வருடம் கீறல் விழாத காருக்கும், வருடம் மூன்று முறை மோதும் காருக்கும் ஒரே தொகைதான். ஆகவே "உங்கள் கிளெய்மால் தேர்ட் பார்ட்டி ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால் அது பொய். அதைவிட ஆபத்து, தேர்ட் பார்ட்டியையே பாதி விலைக்குத் தருகிறேன் என்பவர். அது போலி பாலிசியாக இருக்கலாம். பணம் கட்டியபின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பாலிசி விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறி இறங்குவதெல்லாம் ஓன் டேமேஜ் பகுதி. அதில் பெரிய ஆள் என்சிபி, அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி: முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50. ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம்.

அதனால்தான் சின்ன கிளெய்ம் போடுவது நஷ்டம். கும்பகோணம் சந்து ஒன்றில் திரும்பும்போது பம்பர் போனது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 4,000, பெயின்ட் 2,500, மொத்த பில் 6,500. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி, 2,000 போகும். பெயின்டில் முந்நூறு சொச்சம் போகும். கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. தேய்மானம் பிடிக்காத 'பம்பர் டு பம்பர்' கூடுதல் கவர் இல்லாவிட்டால் கைக்கு வருவது சுமார் 3,200. இப்போது மறுபக்கம்: ஓன் டேமேஜ் அடிப்படை 9,000, இந்த வருடம் 45 சதவீதத் தள்ளுபடி வரவேண்டியது. அது போனால் 4,050 இழப்பு. அடுத்த வருடம் 50-க்குப் பதில் 20, இழப்பு 2,700. அதற்கடுத்த வருடம் 2,250. மூவாயிரத்துக்காக மூன்று வருடத்தில் ஒன்பதாயிரம்! டிங்கரிங் கடையில் கையிலிருந்து கொடுத்துவிடுவதே லாபம். இப்படிச் சின்னச் செலவைத் தானே ஏற்கத் தயாராக இருப்பவர் 2,500 முதல் 15,000 வரை தன்விருப்பக் கழிவு ஏற்றுக்கொண்டு பிரீமியத்தையும் குறைக்கலாம். குறையும் தொகையைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். சில நேரம் நூற்றுக்கணக்கில்தான் இருக்கும்.

என்சிபிக்காகக் கிளெய்ம் போட்டதை மறைப்பது வேறு ரகம். கம்பெனி மாறும்போது, வியாபாரம் பிடிக்கும் அவசரத்தில் ஏஜென்டே "கிளெய்ம் இல்லை" என்று டிக் அடித்துவிடுவார். கையெழுத்து உங்களுடையது. பழைய கம்பெனியிடம் விசாரித்தால் உண்மை வெளியாகிவிடும், பெரிய விபத்தில் கிளெய்ம் தொங்கும். ஏற்கெனவே அப்படி எடுத்திருந்தால் விபத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள்.

டெல்டாவுக்கே உரிய ஒரு தவறு உண்டு. ஐப்பசியில் முடியும் பாலிசியை, சம்பா அறுத்த பணம் வரட்டும் என்று மாசி வரை தள்ளுவது. 90 நாள் தாண்டினால் சேர்ந்த என்சிபி மொத்தமும் போய்விடும். ஒரு நாள் தாண்டினாலே வண்டியைப் பார்த்துப் படமெடுத்த பிறகுதான் புதுப்பிப்பார்கள். இடையில் வருவதோ கார்த்திகை மழை. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். கார்மேல் மரம் விழுந்தால் ஓன் டேமேஜ் பாலிசி நடப்பில் இருந்தால்தான் பணம். தேர்ட் பார்ட்டியும் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 அபராதம் என்பது சின்ன விஷயம். ஆள்மேல் மோதினால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு உரிமையாளர் தலையில்தான், நஞ்சைக்கே ஜப்தி வரலாம்.

பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியை, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பை, வெட்டுவதும் சகஜம். ஐந்து லட்சம் பெறும் காரை மூன்றரை லட்சம் என்று போட்டால் கொஞ்சம் மிச்சம். ஆனால் பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கு முடிப்பார்கள். இங்கே 2,62,500-ஐத் தாண்டினாலே போதும், மூன்றரை லட்சத்துக்குள் கையைக் கழுவிவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறாக, செலவு செய்ய வேண்டிய இடம், தண்ணீர் புகுந்து கெடும் எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பான எஞ்சின் கவர். வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே கதிர் அறுக்கும் மெஷின் வர, ஒதுங்கிய கார் வாய்க்காலில் சரிவது இங்கே புதிதல்ல. தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருக்கும்போது ஸ்டார்ட் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசியில் "இது நீங்கள் செய்த சேதம்" என்று மறுத்துவிடுவார்கள். சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் நின்ற மட்டம் தெரிய நாலு பக்கமும் படம் எடுங்கள், முடிந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பிரிக்கக் கூடாது.

வெள்ளை போர்டு காரை நவகிரகக் கோயில் சுற்ற வாடகைக்கு அனுப்பினால், அந்தப் பயணத்தில் நடக்கும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடையாது. காரைக்கால் போய்க் குடித்துவிட்டுத் திரும்புபவர்களுக்கும் அதே கதிதான். பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றுங்கள். விற்றவரின் என்சிபி காரோடு வராது, அது ஆளைச் சேர்ந்தது. உங்கள் பழைய காரை விற்றிருந்தால் அதன் என்சிபிக்குக் கடிதம் வாங்கிப் புதுக் காருக்குப் போடலாம், மூன்று வருடம் செல்லும். 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் இந்தக் காருக்கும் அதை எடுக்க வேண்டியதில்லை.

மூன்று கம்பெனியிலாவது விலை கேளுங்கள். ஒரே ஐடிவி, ஒரே கூடுதல் கவர்கள் வைத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். பழைய கிளெய்முக்காகப் பிரீமியத்தில் ஏற்றும் கூடுதல் தொகை, அதாவது லோடிங், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டோடு காரைக்காலும் அவர் எல்லைதான். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.