கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கறுக்கிறதா?

வன்னியில் பிளேன்ரி போட்டால் சாயம் கறுத்து, மேலே மினுங்குகிற ஏடு படிகிறதா? தேயிலையைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் இருப்பது வன்னீர், அதாவது கல்சியம் போன்ற உப்புகள் கூடுதலாகக் கரைந்த தண்ணீர். அதில் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று என்ற உப்பு சாயத்தோடு சேர்ந்துதான் அந்த ஏடு வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும் அதனால்தான்.

இரவே தண்ணீரைப் 10 நிமிடம் கொதிக்கவிட்டு மூடி வையுங்கள். காலையில் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மெல்ல வடித்து, மறுபடி கொதி வந்ததும் தேயிலையில் ஊற்றுங்கள். கிளாஸ் விளிம்பில் நல்ல சிவப்புத் தெரியும். அவசரத்துக்கு நாலு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டாலும் சாயம் உடனே வெளுக்கும். பால் தேத்தண்ணிக்கு மட்டும் அது வேண்டாம், திரைந்துவிடும்.

கொதித்தும் மாற்றமில்லை என்றால் ஜிப்சம் போன்ற உப்புகள் இருக்கலாம். அந்த வன்மை கொதித்துப் போகாது. சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து கொதிக்க வையுங்கள்.

அப்புறம், புளோரைட்டு கூடிய கிணறென்றால் கொதிக்க வைத்து ஏமாறாதீர்கள். அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அந்தக் கிணற்றை விட்டு, ஆர்ஓ (RO) இயந்திரத்தில் நுண்சவ்வு வழியாக வடிகட்டிய தண்ணீர் எடுங்கள்.