நமீபியாவின் உப்புச்சாலை சி34: முதல்முறை ஓட்டுபவர்களுக்கு தூரம், தரை, டயர், நேரக் கணக்கு

நமீபியாவில் ஸ்வாகோப்முண்ட் ஊரிலிருந்து கடலை ஒட்டி வடக்கே போகும் சாலைக்கு சி34 என்று பெயர். இடது பக்கம் அட்லாண்டிக், வலது பக்கம் நமீப் பாலைவனம். ஸ்கெலிடன் கோஸ்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் டெரஸ் பே வரை ஏறக்குறைய 360, 370 கிலோமீட்டர். ஃபோனில் இருக்கும் மேப் நாலரை மணி நேரம் என்று காட்டும். அந்த நாலரை மணி நேரத்தை நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் பூங்கா கேட்டில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சாலையில் ஒரு நாளைத் தீர்மானிப்பவை இரண்டு: காலடியில் இருக்கும் தரை, கேட் மூடும் நேரம். தூரம் அதற்கு அப்புறம்தான்.

நம் ஊர் மாதிரியே இங்கேயும் இடது பக்க ஓட்டம். அதனால் ஸ்டியரிங் பழக்கத்தில் சிக்கல் இல்லை. மற்றதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது.

படி 1: தூரத்தைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

ஒரு தாளில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகாப், ஸ்பிரிங்பாக்வாசர் இரண்டும் பூங்காவின் கேட்டுகள்; பாம்வாக் பூங்காவுக்கு வெளியே உள்நாட்டில் இருக்கும் இடம். எல்லாம் சுமாரான கணக்கு. வழியில் கிளைச்சாலைகளில் இறங்கி ஏறினால் கூடும்.

ஸ்வாகோப்முண்ட் – ஹென்டிஸ் பே: 70 கி.மீ.
ஹென்டிஸ் பே – கேப் கிராஸ் திருப்பம்: 50 முதல் 55 கி.மீ.
கேப் கிராஸ் – ஊகாப் கேட்: 80, 85 கி.மீ.
ஊகாப் கேட் – டோரா பே: 110 கி.மீ.
டோரா பே – டெரஸ் பே: 48 கி.மீ.
டோரா பே பக்கமிருந்து ஸ்பிரிங்பாக்வாசர் கேட்: 40 முதல் 50 கி.மீ.
ஸ்பிரிங்பாக்வாசர் – பாம்வாக்: 100 கி.மீ.

வழியில் 'மைல் 14', 'மைல் 72', 'மைல் 108' என்று இடங்கள் வரும். தூண்டில் போட வருகிறவர்கள் கூடாரம் அடிக்கும் இடங்கள் இவை. ஸ்வாகோப்முண்டிலிருந்து எண்ணிய மைல் கணக்கே பெயராக நின்றுவிட்டது. 1.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும்: மைல் 72 என்றால் 115 கி.மீ., மைல் 108 என்றால் 173 கி.மீ. அடையாளமே இல்லாத ஒரு சமவெளியில் இதைவிட நல்ல கைகாட்டி கிடையாது. கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிடுங்கள், போதும்.

இன்னொன்று. சாலைப் பெயரில் உள்ள பி, சி, டி எழுத்துகளை வைத்துத் தரையை முடிவு செய்யாதீர்கள். பி என்றால் முக்கிய நெடுஞ்சாலை, சி அடுத்த நிலை, டி மாவட்டச் சாலை. இது நிர்வாக வகைப்பாடு மட்டுமே. ஒரே சி34-இல் தார், உப்பு, சரளை மூன்றும் வருகிறது.

படி 2: தரையைப் படிக்கப் பழகுங்கள்

ஹென்டிஸ் பே வரை தார் போட்டாகிவிட்டது. அங்கே கவனிக்க வேண்டியது காற்றில் சாலைமேல் நாக்கு நாக்காக வந்து படியும் மணல்தான். தூரத்தில் நிழல் மாதிரித் தெரியும். எண்பதில் வந்து அதில் ஏறினால் முன்சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். மணலைப் பார்த்ததும் காலை எடுங்கள், ஏறிய பிறகு பிரேக் மிதிக்காதீர்கள்.

ஹென்டிஸ் பே தாண்டினால் உப்புச்சாலை. இதைப் புரிந்துகொள்வதுதான் இந்தப் பயணத்தில் பாதி வேலை. பாலைவனத்து ஜிப்சம் கலந்த மண்ணைப் பரப்பி, கடலோரப் பள்ளங்களிலிருந்து எடுத்த அடர்ந்த உப்புநீரை ஊற்றி, கிரேடரால் சமப்படுத்தி இறுக்கிவிடுகிறார்கள். காய்ந்தால் கல் மாதிரி இறுகும். பென்குவேலா என்ற குளிர்நீரோட்டம் இந்தக் கரையோரம் ஓடுவதால் ஆண்டில் பெரும்பகுதி காலையில் கடல்மூடுபனி இறங்கும். உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் சாலை பொடிந்து போவதில்லை. மழையே பெய்யாத ஊரில்தான் இந்த வித்தை பலிக்கும்.

மதியம் வண்டியை நிறுத்திக் குனிந்து பாருங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், சரளை இல்லை, தூசி இல்லை, தார் ரோடு போலவே வழுவழுப்பு. அதே இடம் காலை ஏழு மணிக்கு எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரிக் கறுத்து மின்னும். செருப்புக் காலால் தேய்த்தால் வழுக்கும், அடியில் கஞ்சிபோல் ஒட்டும். ஆபத்து இந்த மினுமினுப்பில்தான். மதியம் 90-இல் ஓடிய சாலைதானே என்று காலையிலும் அதே வேகத்தில் ஓட்டி, வளைவில் பிரேக் போடுபவரின் வண்டி பின்பக்கம் சுற்றிக்கொண்டு மணலுக்குள் போகும்.

பழகிக்கொள்ள வேண்டிய முறை: தரை வெளிறியிருந்தால் 80 வரை போகலாம். கறுத்து மின்னினால் 50, 60. திருப்பமோ எதிர்வண்டியோ வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். பனியில் ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள். ஹை பீம் போட்டால் பனித்துளியில் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும். நடுக்கோடு இல்லாத இடங்களில் எதிர்வண்டி உங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கலாம். பகலிலும் விளக்கை அணைக்க வேண்டாம்.

பூங்காவுக்குள் வடக்கே போகப் போக உப்பு குறைந்து சரளை வரும். தகர ஷீட் மாதிரி வரிவரியாக எழும்பிய தரை அது. மிக மெதுவாகப் போனால் எலும்பு உதறும், வேகமாகப் போனால் உதறல் குறைந்த மாதிரி இருக்கும். அந்தச் சுகத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். சக்கரம் வரிமேட்டில் மட்டும் தொட்டுத் தாவுவதால்தான் உதறல் குறைகிறது. அதாவது பாதி நேரம் டயர் தரையில் இல்லை. 60 போதும்.

படி 3: டயரில் காற்று

தாரிலும் காய்ந்த உப்புச்சாலையிலும் வண்டியின் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள். பெரும்பாலான பிக்கப் வண்டிகளுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ. சரளை தொடங்கும் இடத்தில் 26 வரை இறக்குங்கள். டயர் சற்று அமுங்கி கூர்ங்கல்லை உள்வாங்கிக்கொள்ளும், பஞ்சர் குறையும். இறக்கினால் வேகமும் இறங்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் 100-இல் ஓடினால் பக்கவாட்டுச் சுவர் சூடேறிக் கிழியும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடற்கரையில் காலைக் குளிரில் காற்று அடித்திருப்பார்கள். ஸ்பிரிங்பாக்வாசர் வழியாக உள்நாட்டுக்குள் ஏறியதும் வெயில் தகிக்கும், அளவுகோலில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். கூடிவிட்டதே என்று திறந்து விடுவார்கள். இரவு குளிர்ந்ததும் டயர் தொய்ந்து கிடக்கும். சூடான டயரில் காற்றைத் திருத்தக்கூடாது. ஓட்டி நிறுத்தியபின் ஆறவிட்டுப் பாருங்கள்.

ஸ்டெப்னி இரண்டு இருந்தால் நல்லது. இரண்டிலும் காற்று இருக்கிறதா என்று வாடகை வண்டியை எடுக்கும்போதே அளந்து வாங்குங்கள். வீல் ஸ்பேனர் நட்டில் பொருந்துகிறதா என்று அங்கேயே ஒரு நட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சாண் அகலப் பலகை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும்.

படி 4: டீசல் கணக்கு

ஹென்டிஸ் பேயில் டேங்க் நிரப்புங்கள். பாதி இருந்தாலும் நிரப்புங்கள். டெரஸ் பேயில் பம்ப் உண்டு. ஆனால் அது ஒற்றைப் பம்ப் என்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அடுத்து நம்பக்கூடியது பாம்வாக்.

ஹென்டிஸ் பேயிலிருந்து ஊகாப், டோரா பே, ஸ்பிரிங்பாக்வாசர் வழியாகப் பாம்வாக் வரை 400 கி.மீ.; டெரஸ் பே போய்த் திரும்புவதற்கு 96 கூட்டினால் ஏறக்குறைய 500. டீசல் பிக்கப் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 60 லிட்டர். மணல், சரளை, காற்று, வழி தவறல் எல்லாவற்றுக்கும் கால்பங்கு சேர்த்தால் 75. உங்கள் டேங்க் 80 லிட்டர் என்றால் மிச்சம் ஐந்தே லிட்டர். அதனால் 20 லிட்டர் கேன் ஒன்று வேண்டும். தெற்கே திரும்பி ஓட்டுபவர்களுக்குச் செலவு இன்னும் கூடும். இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் தெற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, வடக்கே போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் மோதும்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். கடற்கரைக் குளிரில் தாகம் தெரியாது, அதற்காகக் குறைக்க வேண்டாம். காற்றைத் தடுக்கும் தடித்த ஜாக்கெட்டும் வேண்டும்.

படி 5: நேரத்தைக் கேட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

டெரஸ் பேயில் தங்க முன்பதிவு இருந்தால் ஊகாப் கேட்டை மாலை 3 மணிக்குள் தாண்ட வேண்டும், ஸ்பிரிங்பாக்வாசர் வழியே வருபவர்கள் 5 மணிக்குள். தங்காமல் குறுக்கே கடந்து போகிறவர்களுக்கு கேட்டிலேயே கடவு அனுமதி தருவார்கள். 3 மணிக்குள் நுழைந்து அன்றைக்கே மறு கேட் வழியாக வெளியேறிவிட வேண்டும், டெரஸ் பே பக்கம் போக முடியாது. டோரா பே கூடாரத் தளம் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மட்டும் திறந்திருக்கும். நேரங்களைக் கிளம்பும் வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணுவோம். கேட்டில் 3 மணி என்றால் நீங்கள் வைக்க வேண்டிய இலக்கு 1:30. கேப் கிராஸிலிருந்து கேட் வரை நிதானமாக ஒன்றரை மணி நேரம், எனவே 12 மணிக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும். கேப் கிராஸில் கடல்நாய்க் கூட்டம் பார்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள். ஆயிரக்கணக்கில் பாறை மேல் கிடக்கும், வாடை மூக்கைத் துளைக்கும், ஆனாலும் தவறவிடக்கூடாத இடம். 1486-இல் போர்த்துகீசிய மாலுமி தியோகோ காவ் கல் சிலுவை நட்டது இங்கேதான். ஆக 11 மணிக்கு வந்து சேர வேண்டும். ஹென்டிஸ் பேயில் டீசல், டீ அரை மணி. அதற்குச் சற்றுத் தெற்கே 2008-இல் தரைதட்டிய ஸீலா என்ற மீன்பிடிக் கப்பலைப் பார்க்க இருபது நிமிடம். ஸ்வாகோப்முண்டை 8 மணிக்கு விட்டால் சரியாக இருக்கும். அதற்கு முன்பு கிளம்பினால் ஈரச் சாலையில்தான் ஓட்டுவீர்கள்.

ஹென்டிஸ் பேக்கு வடக்கே சாலையோரம் சிறு மேசைகள் நிற்கும். மேல் இளஞ்சிவப்பு உப்புக் கட்டிகள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, ஆள் இருக்க மாட்டார். வாங்குங்கள், டப்பாவில் காசு போடுங்கள். ஆனால் வண்டியை ஏற்கெனவே டயர்த் தடம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

சாலையை விட்டு இறங்காதீர்கள்

இதற்கு இரண்டு காரணங்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே காய்ந்த தரை போலத் தெரியும் உப்புப் பள்ளங்கள் மேலே ஓடு, அடியில் சேறு. அச்சு வரை இறங்கினால் இன்னொரு வண்டி வந்து இழுத்தால்தான் உண்டு. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. வலது பக்கச் சமவெளியில் ஆரஞ்சும் சாம்பலுமாகப் படர்ந்திருப்பது பாசிக்காளான் என்னும் லைக்கன். பனியின் ஈரத்தைக் குடித்து மிக மிக மெதுவாக வளரும் உயிர். ஒரே ஒரு டயர்த் தடம் பல பத்தாண்டுகள் ஆறாத காயமாகக் கிடக்கும். ஒருவர் போட்ட தடத்தைப் பாதை என்று நம்பி அடுத்தவர் போவார். புகைப்படம் வேண்டுமானால் இறங்கி நடந்து போய் எடுங்கள்.

மாட்டிக்கொண்டால்

மணலில் சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்னும் இரண்டு நொடி மிதித்தால் ஒரு மணி நேர வேலை கூடும். நான்கு டயரிலும் 15 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்குங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரித் தள்ளுங்கள். ஃபோர் வீல் லோ கியரில், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக வெளியேறுங்கள். முன்னோக்கிப் போனால் பெரும்பாலும் இன்னும் ஆழத்துக்குத்தான் போவீர்கள். கெட்டித் தரை வந்ததும் காற்று அடித்துவிட்டுத்தான் பயணம்.

ஊகாப், ஹுவாப், உனியாப் ஆறுகள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்நாட்டு மலைகளில் மழை பெய்தால், கடற்கரையில் ஒரு சொட்டுகூட விழாமல் வெள்ளம் மட்டும் வந்து சாலையை அறுத்துவிடும். பழுப்பு நீர் ஓடினால் இறங்காதீர்கள், வடியும் வரை காத்திருங்கள் அல்லது திரும்புங்கள்.

வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்கக்கூடாது. வடக்கே நெடுந்தூரம் ஃபோன் சிக்னல் கிடையாது. தொலைவிலிருந்து கண்ணில் படப்போவது வண்டிதான், நீங்கள் அல்ல. கேட்டில் உங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் பதிவேட்டில் எழுதும்போது தெளிவாக எழுதுங்கள். தேட வேண்டி வந்தால் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவார்கள்.

குளிர்காலத்தில் சில நாட்கள் கிழக்கிலிருந்து சூடான காற்று கிளம்பி மணலை வாரி அடிக்கும். பெயிண்ட்டையும் கண்ணாடியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆக்கிவிடும். ஓட்டாமல் ஊரில் நின்றுவிடுங்கள். மணற்காற்றுச் சேதம், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் வாடகை இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பல திட்டங்களில் சேராது.

பயணம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். வீல் ஆர்ச், பிரேக், சேஸிஸ் இடுக்குகளில் உப்புச்சேறு சிமென்ட் மாதிரி ஒட்டியிருக்கும். முதலில் ஊறவிட்டு, அப்புறம் பீய்ச்சி அடித்தால்தான் கழன்று வரும்.