இடைக்காலக் கிறித்தவக் கலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்காலக் கலையைப் புதிதாகப் படிக்க வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், என் பழைய தாள்களே திரும்பி வந்தது போல இருக்கிறது. ஆண்டு தவறுவது, பெயர் குழம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். படிக்கப் படிக்க அவை சரியாகிவிடும்.

பெர்னார்டைப் பாதியில் நிறுத்துவது

"அன்றைய திருச்சபை அழகை வெறுத்தது" என்று எழுதுவார்கள். சான்று, கிளேர்வோ மடாதிபதி பெர்னார்ட் 1125 வாக்கில் தன் நண்பர் வில்லியமுக்கு எழுதிய மடல். துறவிகள் உட்கார்ந்து வாசிக்கும் மடத்து முற்றத்தில், குரங்கும் சிங்கமும் பாதி மனிதனுமாகச் சிற்பங்கள் எதற்கு என்று அதில் கேட்கிறார். இந்த ஒரு பத்தியை நம்பி நானும் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதினேன். முழு மடலையும் படித்த அன்று அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நான்கு மாத உழைப்பு.

அதே மடலில், ஆயர்களின் (பிஷப்புகளின்) நிலை வேறு என்கிறார் பெர்னார்ட். உலகப்பற்றில் உழலும் மக்களின் பக்தியைக் கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்தால்தான் அவர்கள் தூண்ட முடியும். அவருடைய கேள்வி துறவிகளுக்கு: எல்லாவற்றையும் விட்டு வந்த நமக்குப் பொன் எதற்கு? கோயில் சுவர் மின்னுகிறது, ஏழை வாடுகிறான். கற்களுக்குப் பொன் போர்த்திவிட்டுப் பிள்ளைகளை அம்மணமாக விடுகிறாள் திருச்சபை என்று பொருமுகிறார். இது அழகின் மேல் வந்த வெறுப்பா?

அப்புறம், அந்தப் பத்தியையே மெதுவாகப் படியுங்கள். ஒரு தலைக்குக் கீழே பல உடல்கள், ஓர் உடலில் பல தலைகள், முன்பாதி குதிரை, பின்பாதி ஆடு. புத்தகத்தை மூடிவிட்டுப் பளிங்கையே நாள் முழுக்க வாசிக்கத் தோன்றும் என்கிறார். சிற்பத்தின் முன்னால் மெய்மறந்து நின்றவர்தான் இப்படி எழுத முடியும். இவ்வளவும் கண்முன் இருக்க, ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து ஒட்டுகிறார்களே என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

சுஜேயைப் பொன்னாசைக்காரர் ஆக்குவது

பாரிசுக்கு அருகே சேன் தெனி மடத்துக் கோயிலைப் புதுப்பித்தவர் மடாதிபதி சுஜே; 1144இல் அதன் புதிய பீடப்பகுதி அர்ச்சிக்கப்பட்டது. பொன் பூசிய வெண்கலக் கதவில் அவர் பொறிக்கச் சொன்னது: பொன்னையும் செலவையும் கண்டு வியக்காதே, வேலைப்பாட்டைப் பார்.

அக்வினாசிடம் கலைக் கோட்பாடு தேடுவது

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், அழகுக்கு வேண்டியவை முழுமை, பொருத்தம், ஒளிர்வு என்ற மூன்றும் என்று சொல்வது திரித்துவ (தந்தை, மகன், தூய ஆவி) விவாதத்தின் நடுவே, இறைமகனைப் பற்றிப் பேசும்போது. நாம் 'கலை' என்று மொழிபெயர்க்கும் 'ஆர்ஸ்' என்ற லத்தீன் சொல் அவருக்கு ஒரு பொருளைச் சரியாகச் செய்யும் அறிவு. தச்சருக்கும் அதே சொல்தான்.

ஓவியங்களின் தங்கப் பின்னணியை 'வெறும் தட்டை' என்பது

அசையும் சுடரின் வெளிச்சத்தில் பார்க்கச் செய்தவை அவை.